தர்மதலா டிராமும் எங்கப்பாவோட வலது முழங்காலும்

1/
எங்கப்பாவுக்கு எண்பது வயசு. 2025 ஜனவரியில கல்கத்தாவுல அவரை ரெண்டரை மணி நேரம் காணோம். கையில போன் இல்ல. பெங்காலி தெரியாது, இந்தி தெரியாது. அவர் தொலைஞ்சு போகல, டிராம்ல போயிருந்தாருங்கறது அப்புறம்தான் தெரிஞ்சுது.

கொஞ்சம் நீளமான இழைங்க. கல்கத்தா போறவங்களுக்கு டிராம் ஏறுற விவரம் இதுல இருக்கு. வீட்ல வயசானவங்க இருந்தா அவங்களுக்கான விஷயமும் இருக்கு. பொறுமையா படிங்க.

2/
முதல்ல நான் செஞ்ச தப்பைச் சொல்லிடறேன்.

2024 மே மாசம் அப்பா குளியலறையில வழுக்கி விழுந்துட்டாரு. எலும்பு முறியல. இடது மணிக்கட்டு வீங்குச்சு, இடுப்புல ரத்தக்கட்டு, அவ்வளவுதான். வலது முழங்கால் ஏற்கெனவே தேய்மானம்.

இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்தவங்க அதுக்கப்புறம் எந்திரிக்காமலே போனதை டாக்டரா நிறையப் பார்த்திருக்கேன். அதனால பயந்துட்டேன். அன்னைக்கே சட்டம் போட்டேன். மொபெட் சாவி என்கிட்ட. பஸ் ஏறக்கூடாது. மகுடேஸ்வரர் கோயிலுக்குப் போறதுன்னாலும் யாராச்சும் கூடப் போகணும். டீக்கடைக்குப் போக வேண்டாம், ஃபிளாஸ்க்ல டீ வெச்சுட்டுப் போறேன், குடிச்சுக்கங்க.

3/
அவர் சண்டை போட்டிருந்தா நான் கொஞ்சம் யோசிச்சிருப்பேன். போடல.

கொடுமுடிப் பக்கம் மஞ்சள் காடு வெச்சுக்கிட்டு, எழுபத்தஞ்சு வயசு வரைக்கும் விடியறதுக்கு முன்னாடி போய் தண்ணி கட்டினவரு. "சரி அம்மிணி, நீ படிச்சவ, சொன்னாச் சரியாத்தான் இருக்கும்"னு திண்ணையில உக்காந்துட்டாரு. அப்படியே எட்டு மாசம்.

அப்பா சொன்ன பேச்சைக் கேக்கறாருன்னு நானும் ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

4/
எங்க கிளினிக்ல பெரியவங்களுக்கு ஒரு சின்னப் பரிசோதனை செய்வோம். நாற்காலியில இருந்து எந்திரிச்சு, மூணு மீட்டர் நடந்து, திரும்பி வந்து உக்காரணும். கடிகாரத்துல நேரம் பார்ப்போம். 12 நொடி ஆனாலோ, அதுக்கு மேல போனாலோ விழற வாய்ப்பு அதிகம்னு எடுத்துக்குவோம். வீட்லயே நீங்களும் செய்யலாம், பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும்.

விழுந்து ரெண்டு வாரம் கழிச்சு அப்பாவுக்கு 11 நொடி.
அதே வருஷம் டிசம்பர்ல 16 நொடி.

நடுவுல அவர் ஒரு தடவைகூட விழல. நான் பத்திரமா வெச்சிருந்த எட்டு மாசத்துலதான் கால் இவ்வளவு மோசமாச்சு.

5/
இது எப்படி நடக்குதுன்னு சொல்றேன்.

வயசானவங்க தசை, வேலை கொடுக்கலைன்னா ரொம்ப வேகமா கரையும். 2007ல வந்த ஒரு ஆய்வுல, நல்ல ஆரோக்கியத்தோட இருந்த பெரியவங்களை (சராசரி வயசு 67) பத்து நாள் படுக்கையில வெச்சுப் பார்த்தாங்க. ரெண்டு காலும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்துச்சு. பத்தே நாள்ல.

திண்ணை படுக்கை இல்லதான். ஆனா கதை ஒண்ணுதான். விழுந்துருவோம்னு பயம், அதனால வெளிய போறதில்ல, அதனால கால் தளருது, அதனால நிஜமாவே விழறாங்க. இந்தச் சுத்துல எங்கப்பாவை மாட்டிவிட்டது நான்தான்.

6/
இதுக்கு நடுவுல, செப்டம்பர் கடைசியில ஒரு நாள். சாயங்காலம் கிளினிக் முடிச்சு வந்தேன். அப்பா பேப்பரை மடிச்சு வெச்சுக்கிட்டுக் காத்திருந்தாரு.

"அம்மிணி, கல்கத்தாவுல டிராமை நிறுத்தப் போறாங்களாம்."

மேற்கு வங்கப் போக்குவரத்து அமைச்சர் அப்பத்தான் சொல்லியிருந்தாரு. நெரிசல் தாங்கல, எஸ்பிளனேடுல இருந்து மைதான் வரைக்கும் உள்ள பாதையை மட்டும் பாரம்பரியத்துக்காக வெச்சுக்கிட்டு மத்ததை எடுத்துருவோம்னு.

"அதுக்கு உங்களுக்கென்னங்கப்பா?"ன்னு கேட்டேன்.

7/
1952ல அவருக்கு எட்டு வயசு. சொந்தக்காரர் ஒருத்தர் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில கெடந்தாருன்னு எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா) பார்க்கப் போனாராம். பையனையும் கூட்டிட்டுப் போயிருக்காரு. ஈரோட்டுல ரயிலேறி விடியக்காலம் சென்ட்ரல்ல இறங்கி, அங்கிருந்து டிராம்.

டிரைவர் காலால மணி அடிச்சது, மரச் சீட்டு வழவழன்னு இருந்தது, ரோட்டு நடுவுல தண்டவாளம் போட்டிருந்தது எல்லாம் இன்னும் சொல்றாரு. "இன்னொருக்காப் போலாங்கய்யா"ன்னு அழுதிருக்காரு. "அடுத்த தடவை வர்றப்பப் போலாம் சாமி"ன்னு அப்பாரு சொல்லியிருக்காரு.

1953 ஏப்ரல் 12ஆம் தேதியோட மெட்ராஸ்ல டிராம் நின்னு போச்சு. அடுத்த தடவைங்கறது வரவே இல்ல.

8/
தெரியாதவங்களுக்கு ஒரு தகவல். இந்தியாவுல மின்சார டிராம் முதல்ல ஓடினது நம்ம மெட்ராஸ்லதான். 1895 மே 7. கல்கத்தாவுல குதிரை இழுத்த டிராம் 1873லயே வந்துருச்சு, ஆனா மின்சாரத்துக்கு மாறினது 1902ல.

கான்பூர்ல 1933ல நிறுத்தினாங்க. மெட்ராஸ்ல 1953. டெல்லியில 1963. பம்பாயில 1964. மிச்சம் இருக்கறது கல்கத்தா மட்டும்தான்.

9/
ஜனவரியில கல்கத்தாவுல எனக்கு மூணு நாள் மருத்துவ மாநாடு. அப்பாவைக் கூட்டிட்டுப் போலாம்னு சொன்னப்ப அம்மா திட்டினாங்க. "வாசப்படி எறங்கவே யோசிக்கற மனுசனை அங்க கொண்டு போயி என்ன பண்ணப் போற?"

எனக்கும் பதில் இல்ல. 16 நொடிங்கற கணக்கு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனாலும் கோயமுத்தூர்ல விமானம் ஏறிட்டோம். ஒரு கைத்தடி, ஒரு மங்கி கேப், அம்மா கட்டிக் கொடுத்த எள்ளுருண்டை.

10/
கல்கத்தா போறவங்க இதைக் குறிச்சுக்கங்க. நாங்க போனப்ப பயணிகளுக்கு ரெண்டு தடம்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு.

5ஆம் எண்: எஸ்பிளனேடு - காலேஜ் ஸ்ட்ரீட் - ஷியாம்பஜார். ஊருக்கு வடக்கே.
25ஆம் எண்: எஸ்பிளனேடு - பார்க் சர்க்கஸ் - கரியாஹாட். ஊருக்குத் தெக்கே.

ரெண்டும் கிளம்பற இடம் எஸ்பிளனேடு. ஆனா உள்ளூர்க்காரங்க வாயில அது தர்மதலா. வழி கேக்கறப்ப அப்படியே கேளுங்க, சட்டுன்னு புரியும். முதல் தடவை ஏறுறவங்க எஸ்பிளனேடுல ஏறுங்க. வண்டி நின்னு கிளம்பற இடம், நிதானமா ஏறலாம், உக்காரவும் இடம் கிடைக்கும்.

11/
மத்த நிறுத்தங்கள்ல அப்படி இல்லைங்க. தண்டவாளம் ரோட்டு நடுவுல போகுது. நீங்க ஓரத்துல நிப்பீங்க. டிராம் வந்து நடுவுல நிக்கும். இடையில பஸ், டாக்ஸி, பைக் எல்லாத்தையும் தாண்டிப் போய் ஏறணும். படியும் உயரம்.

தர்மதலாவுல அந்தப் படியைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்குச்சு. "வேண்டாங்கப்பா, டாக்ஸியில போலாம்"னு சொல்லிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்ல. வண்டியையே பார்த்துக்கிட்டிருந்தாரு. பெயின்ட் உரிஞ்சு, அங்கங்க ஒடுக்கு விழுந்த வண்டி. அதை மாரியம்மன் தேரைப் பார்க்கற மாதிரி பார்த்தாரு.

12/
சரி, ஏறலாம்னு ஆச்சு. ஏறுற முறையைச் சொல்லிக் கொடுத்தேன். முழங்கால் வலி, பக்கவாதத்துக்கு அப்புறம் ஒரு கால் பலவீனம், இப்படி யாருக்கா இருந்தாலும் இது உதவும்.

ஏறும்போது நல்ல கால் முதல்ல.
இறங்கும்போது வலிக்கற கால் முதல்ல.

ஏறும்போது முதல்ல வைக்கற கால்தான் மொத்த உடம்பையும் மேல தூக்குது. இறங்கும்போது மேல நிக்கற கால்தான் மடங்கி உடம்பை மெதுவா கீழ விடுது. ரெண்டு தடவையும் கஷ்டமான வேலை நல்ல காலுக்குத்தான் போகணும். ஒரு கை கம்பியில. இன்னொரு கையில தடி. தடி எப்பவும் வலிக்கற காலோடயே போகும்.

எங்கப்பா இதைத் தன் பாஷையில மாத்திக்கிட்டாரு. "ஏர்றப்ப எடது, எறங்கறப்ப வலது." மூணு நாளும் இதை முணுமுணுத்துக்கிட்டே இருந்தாரு.

13/
அவர் படியில கால் வெச்சப்ப கண்டக்டர் உள்ள இருந்து கையை நீட்டினாரு. "ஆஸ்தே, தாது, ஆஸ்தே."

அப்பா உக்காந்ததும் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "என்னைய எதுக்கு அந்தத் தம்பி தாதுங்குது?" அவர் லேகியக் கடைத் தாதுவைத்தான் நினைச்சுக்கிட்டாரு. பெங்காலியில தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவாங்க, ஆஸ்தேன்னா மெதுவான்னு சொன்னேன். "அப்பச் சரி"ன்னாரு.

அவர் உக்கார்ற வரைக்கும் வண்டி கிளம்பல. நான் அதை அப்பவே கவனிச்சேன். நம்மூர் டவுன் பஸ்ல ஒரு கால் படியில இருக்கறப்பவே விசில் அடிச்சுருவாங்க.

14/
டிக்கெட் பத்து ரூபாய்க்குள்ளதான். சில்லறையா வெச்சுக்கங்க. கண்டக்டர் சீட்டுக்கே வந்து சின்னக் காகித டிக்கெட் கிழிச்சுக் கொடுப்பாரு. முன்னெல்லாம் ரெண்டு பெட்டி சேர்ந்து ஓடும். முன்பெட்டி முதல் வகுப்பு, அதுல மின்விசிறி இருக்கும். பின்பெட்டி ரெண்டாம் வகுப்பு, கட்டணம் கொஞ்சம் குறைச்சல்.

1953ல அந்த ரெண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரே ஒரு பைசா உயர்த்தினதுக்குக் கல்கத்தாவே தெருவுக்கு வந்து போராடியிருக்கு. மெட்ராஸ்ல டிராம் நின்ன அதே வருஷம்.

15/
லெனின் சரணி வழியாப் போய், வெலிங்டன்ல திரும்பி, வடக்கே காலேஜ் ஸ்ட்ரீட். ரெண்டு பக்கமும் பழைய புத்தகக் கடைகள். முன்னாடி ஒரு கைவண்டி போய்க்கிட்டிருந்ததால டிராம் அது பின்னாடியே ஊர்ந்துச்சு.

அப்படி ஊர்ந்தப்பத்தான் கல்கத்தா மெடிக்கல் காலேஜை அப்பாவுக்குக் காட்ட முடிஞ்சுது. 1835ல ஆரம்பிச்சது, நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜும் அதே வருஷம்தான். 1836ல மதுசூதன் குப்தாங்கற வைத்தியர் சாதிக் கட்டுப்பாட்டை மீறிப் பிணத்தை அறுத்துப் படிச்சது இங்கதான். காதம்பினி கங்குலி 1886ல டாக்டரா வெளிய வந்ததும் இங்கதான். "அப்ப உங்களுக்கெல்லாம் அந்தம்மாதான் பாட்டி"ன்னாரு அப்பா.

டாக்ஸியில போயிருந்தா நான் வாயைத் திறக்கறதுக்குள்ள தாண்டியிருப்போம்.

16/
ஒரு எச்சரிக்கை. டிராம் மெதுவா போகுதுன்னு அசட்டையா இருக்காதீங்க.

இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம். உராய்வு குறைவு. அதனாலதான் அவ்வளவு பாரத்தைக் குறைஞ்ச மின்சாரத்துல இழுக்குது. அதே காரணத்தால பிரேக் போட்டா நிக்கறதுக்குத் தூரம் வேணும். ஒதுங்கவும் முடியாது. வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸ் 1954 அக்டோபர் 14 அன்னைக்கு இதே ஊர்ல டிராம்ல அடிபட்டு, எட்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்து 22ஆம் தேதி இறந்து போனாரு.

இறங்கறப்ப வண்டி முழுசா நிக்கட்டும். படியில நின்னுக்கிட்டே பின்னாடி பைக் வருதான்னு பாருங்க. அப்புறம் கால் வைங்க. தண்டவாளப் பள்ளத்துல தடி மாட்டிக்கும், கவனம்.

17/
நேரம் பத்தி. டிராம் குறைவாத்தான் ஓடுது. அரை மணி காத்திருக்க வேண்டி வரலாம். ரயிலைப் பிடிக்கணும், டாக்டரைப் பார்க்கணும்னா டிராம் ஏறாதீங்க. எஸ்பிளனேடுல இருந்து ஷியாம்பஜாருக்கு மெட்ரோவே இருக்கு, கால் மணியில போயிரலாம். இந்தியாவோட முதல் மெட்ரோ, 1984ல ஆரம்பிச்சது.

காலை வேளையில கூட்டம் சேர்றதுக்கு முன்னாடியோ, பத்து மணிக்கு மேலயோ டிராம் ஏறுங்க. டிசம்பர், ஜனவரியில போனா வெயிலும் தெரியாது.

18/
இப்ப அந்த மூணாவது நாள்.

அன்னைக்குக் காலையில நான் மாநாட்டுக்குப் போயாகணும். அப்பாவை லாட்ஜ் அறையில விட்டேன். டிவி, ஃபிளாஸ்க்ல டீ, எள்ளுருண்டை, போன். "ஒரு மணிக்கு வந்துர்றேன். எங்கயும் போயிராதீங்க."

பன்னெண்டரைக்குப் போன் போட்டேன், எடுக்கல. மறுபடி, மறுபடி. லாட்ஜுக்குப் போட்டேன். தாத்தா பத்து மணிக்கே தடியை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாருன்னு சொன்னாங்க. போன் அறையில சார்ஜ்ல கிடந்துச்சாம்.

19/
ஓடினேன். டாக்டரா இருக்கறதுல ஒரு கஷ்டம், மத்தவங்களுக்கு "என்னாச்சோ"ன்னுதான் பயம் வரும். நமக்கு என்னென்ன ஆகும்னு வரிசையாத் தெரியும். தொடையெலும்புக் கழுத்து முறிவு. அறுவை சிகிச்சை. நெஞ்சுச் சளி. படுக்கைப் புண். அப்புறம் அம்மா முகம்.

தர்மதலா டிராம் நிக்கற இடத்துக்கு வந்து, தெரிஞ்ச ரெண்டு இந்தி வார்த்தையை வெச்சு எல்லார்கிட்டயும் கேட்டேன். தொப்பி போட்ட தாது, கைத்தடி, தென்னிந்தியர். ஒருத்தர் வடக்கே கையைக் காட்டினாரு. கொஞ்சம் இருங்கன்னு சைகை செஞ்சாரு.

இருபத்தஞ்சு நிமிஷம் நின்னேன்.

20/
5ஆம் நம்பர் வந்துச்சு. எல்லாரும் இறங்கினப்புறம் கடைசியா ஒரு மங்கி கேப். கண்டக்டர் மணிக் கயிறை இழுக்காம நின்னுக்கிட்டிருந்தாரு.

அப்பா இடது கையில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, தடியையும் வலது காலையும் சேர்த்துக் கீழ வெச்சாரு. அப்புறம் இடது கால். உதடு முணுமுணுக்கறது எனக்குத் தூரத்துல இருந்தே தெரிஞ்சுது.

சட்டைப்பையில ரெண்டு டிக்கெட், போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு. கூடவே ஒரு காகிதப் பொட்டலத்துல மசாலாப் பொரி. எனக்காக வாங்கிட்டு வந்திருக்காரு.

21/
நடுரோட்டுல நின்னு திட்டினேன். என்னென்ன சொன்னேன்னு எழுத எனக்கே கூச்சமா இருக்கு. முழுசாக் கேட்டுட்டு, அப்புறம் மெதுவாக் கேட்டாரு.

"ஏனம்மிணி, நான் உழுந்தனா?"

நான் பேசல.

"எட்டு மாசமா என்னைய எல்லாரும் கூட்டிட்டுத்தான் போறீங்க. கூட்டிட்டுப் போறது வேற, நானாப் போறது வேற. இன்னைக்குத்தான் ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்தாப்பல இருக்குது."

22/
சாப்பிடறப்ப முழுக் கதையும் வந்துச்சு. லாட்ஜ்ல வேலை செய்யற பையன்கிட்ட ஷியாம்பஜார்னு ஒரு சீட்டுல பெங்காலியில எழுதி வாங்கியிருக்காரு. அதுக்குப் பின்பக்கம் நான் எழுதிக் கொடுத்த லாட்ஜ் முகவரி. கண்டக்டர்கிட்ட முன்பக்கத்தைக் காட்டி ஏறியிருக்காரு. கடைசி நிறுத்தத்துல இறங்கி மண் குவளையில டீ குடிச்சு, பொரி வாங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருந்து, பின்பக்கத்தைக் காட்டித் திரும்பி வந்திருக்காரு.

"பயமா இல்லையாங்கப்பா? பாஷை தெரியாத ஊரு."

"இதுல என்ன பயம்? காலிங்கராயன் வாய்க்கால் மாதிரிதான அம்மிணி. கரையைப் புடிச்சுட்டே போனா ஊரு வந்துரும். அதே கரையைப் புடிச்சுட்டுத் திரும்பினா ஊடு வந்துரும்."

23/
இதைவிட நல்லா என்னால சொல்ல முடியாதுங்க. புது ஊருக்குப் போறவங்களுக்கு டிராம் ஏன் ஒத்துவரும்னா இதனாலதான். பஸ் எந்தச் சந்துல திரும்பும்னு தெரியாது. டாக்ஸி சுத்துதா நேரா போகுதான்னு தெரியாது. மெட்ரோ பூமிக்கடியில போறதால ஊரே தெரியாது. டிராமுக்குத் தண்டவாளம் கண்ணு முன்னாடி கிடக்குது. தப்பான நிறுத்தத்துல இறங்கிட்டாலும் அதே பாதையில திரும்ப வேண்டியதுதான்.

இன்னொண்ணும் சொன்னாரு. "வண்டியில பாதிப் பேரு என்னையாட்டந்தான். தடியும் துணிப்பையும்." அவசரக்காரங்க எல்லாம் மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் போயிட்டாங்க. மெதுவா ஏறி மெதுவா இறங்கறவங்களுக்கு அந்த ஊர்ல இன்னும் ஒரு வண்டி மிச்சம் இருக்கு.

24/
அதுக்காக எல்லாம் பிரமாதம்னு சொல்லல. அந்தப் படி உயரம், நடுரோட்டுல ஏறுறது, ரெண்டுமே ஆபத்துதான். சக்கர நாற்காலியில இருக்கறவங்க ஏறவே முடியாது. அப்பாவுக்கு முடிஞ்சது என் நோயாளிகள் பல பேருக்கு முடியாது.

ஆனா அது டிராமோட குணம் இல்ல. மெல்போர்ன்ல கிட்டத்தட்ட 250 கிலோமீட்டருக்கு டிராம் ஓடுது, உலகத்துலயே பெரிய அமைப்பு. அங்க நிறைய நிறுத்தங்கள்ல நடைமேடையை உயர்த்தி, தாழ்தள வண்டி விட்டு, படியே இல்லாம நேரா உள்ள போற மாதிரி செஞ்சிருக்காங்க. பழைய படி வெச்ச வண்டியும் அங்க இன்னும் ஓடத்தான் செய்யுது. கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டிருக்காங்க.

25/
கல்கத்தாவுல நெரிசல் நிஜம். நானே அதுல சிக்கினேன். டிராம் வேணுங்கறவங்களும் உயர் நீதிமன்றத்துல வழக்கு நடத்திக்கிட்டுத்தான் இருக்காங்க. வெளியூர்க்காரி நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும்னு தோணுது. டிராம் போனா ரோட்டுல எத்தனை நிமிஷம் மிச்சமாகும்னு கணக்குப் போடுவாங்க. அன்னைக்குக் காலையில அப்பா பக்கத்துல துணிப்பையோட உக்காந்திருந்தவங்க அதுக்கப்புறம் எதுல போவாங்க? போகாமலே வீட்ல இருந்துட்டா அதை யாரு கணக்குல எழுதுவாங்க? எங்க வீட்லயே நான் எட்டு மாசம் எழுதலையே.

26/
ஊருக்குத் திரும்பி வந்து, மே மாசமே செஞ்சிருக்க வேண்டியதை ஜனவரியில செஞ்சேன்.

குளியலறையில வழுக்காத தரை விரிப்பு, சுவத்துல கைப்பிடிக் கம்பி, ராத்திரி எரியற சின்ன விளக்கு.
படுத்திருக்கறப்ப ஒரு தடவை, எந்திரிச்சு நின்ன மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு தடவை ரத்த அழுத்தம். நின்னதும் மேல் அளவு 20 இறங்கினாலோ, கீழ் அளவு 10 இறங்கினாலோ கவனிக்கணும். தலைசுத்தி விழறதுக்கு அது ஒரு காரணம்.
பழைய தூக்க மாத்திரையைப் படிப்படியாக் குறைச்சு நிறுத்தினேன். நீங்களா நிறுத்தாதீங்க, உங்க டாக்டரைக் கேளுங்க.
கண்புரை பார்த்தோம்.
தினமும் நாற்காலியில இருந்து கையை ஊணாம எந்திரிச்சு உக்கார்ற பயிற்சி, பத்து பத்தா.

27/
மொபெட் சாவி இன்னும் என்கிட்டத்தான் இருக்கு. அதுல நான் இறங்கி வரல. அவர் கேக்கறதை விடவும் இல்ல.

ஆனா வியாழக்கிழமையானா ஊஞ்சலூருக்குத் தனியா டவுன் பஸ்ல போறாரு. அங்க ஒரு பழைய சினேகிதர் இருக்காரு. போய் உக்காந்து பேசிட்டு, டீ குடிச்சுட்டு, மத்தியானம் திரும்பிருவாரு. முதல் வியாழன் நான் கிளினிக்ல ஒரு நோயாளிக்கும் ஒழுங்காப் பதில் சொல்லல. இப்பப் பழகிட்டேன்.

கடைசியாப் பார்த்தப்ப 13 நொடி. 11க்கு இன்னும் வரல. வராமலும் போகலாம். எண்பது வயசு.

28/
டாக்டருங்களும் இந்த இழையைப் படிக்கறீங்கன்னு தெரியும். வயசானவங்க விழுந்துட்டு வந்தா "வெளிய போகாதீங்க"ன்னு சொல்றது நமக்கு ரொம்பச் சுலபம். வீட்டுக்காரங்களுக்கும் அதுதான் பிடிக்கும். நானும் நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். இப்ப அதுக்குப் பதிலா, வழக்கமா எங்க போவீங்க, அங்க போறதுல எந்த இடம் கஷ்டம்னு கேக்கறேன். பஸ் படின்னு சொன்னா, கிளினிக் வாசப்படியிலயே ஏறி இறங்கப் பழக்கிவிடறேன். ஏறுறப்ப நல்ல கால், இறங்கறப்ப வலிக்கற கால்.

29/
கல்கத்தா போறவங்களுக்குக் கடைசியா ஒரு வார்த்தை. கிளம்பறதுக்கு முன்னாடி எந்தத் தடம் ஓடுதுன்னு விசாரிச்சுட்டுப் போங்க, நிலைமை மாறிக்கிட்டே இருக்கு. ஓடுச்சுன்னா தர்மதலாவுல ஏறுங்க. கூட வர்ற பெரியவங்க சட்டைப்பையில லாட்ஜ் முகவரி எழுதின சீட்டு ஒண்ணு இருக்கட்டும். போனையும் கையில கொடுத்து அனுப்புங்க, சார்ஜ்ல போட்டுட்டு வந்துடப் போறாங்க.

30/
இதை எழுதறப்ப அப்பா திண்ணையிலதான் இருக்காரு. "என்னத்த அம்மிணி இவ்வளவு நேரமா எழுதற?"ன்னு கேட்டாரு. நீங்க டிராம்ல போன கதைன்னு சொன்னேன். "அந்தக் கண்டக்டர் தம்பியப் பத்தி எழுதிட்டியா?"ன்னாரு. எழுதிட்டேங்கப்பா.

உங்க வீட்டுப் பெரியவங்க கடைசியா எப்ப தனியா ஒரு இடத்துக்குப் போயிட்டு வந்தாங்க? யோசிச்சுப் பாருங்க. முடிஞ்சா அவங்ககிட்டயே கேட்டுட்டு வந்து கீழ சொல்லுங்க.